கனியும் காலமும்



சித்திரையும் வைகாசியும் கொடிய மாதங்கள் என்று நாம் குறை கூறுகின்றோம். ஆறுகள் மணற்காடாகின்றன, கிணறுகளில் ஊற்று அடங்குகின்றது, நண்பகலில் தெருக்கள் ஆளரவமின்றிக் கிடக்கின்றன. ஆயினும், மண்ணில் ஈரம் வற்றிய அந்த நாட்களிலேதான் நம் நாட்டு மரங்கள் தம்மிடமுள்ள இனிமை அனைத்தையும் கிளைகளில் ஏந்தி நிற்கின்றன. மாவும் பலாவும் கோடையின் கொடைகள். ஆண்டு முழுவதும் கனியும் வாழையையும் அவற்றோடு சேர்த்து, முக்கனி என்று ஒரே சொல்லால் வழங்கினர் நம் முன்னோர். இக்கனிகளைக் கொண்டு அவர்கள் செய்த இன்சுவைப் பண்டங்களின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

உண்ணும் பண்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று உங்களுள் சிலர் ஐயுறலாம். உண்டு. மன்னர்களின் போர்களைப் போலவே, மனிதன் காலத்தோடு நடத்திய போரும் வரலாறுதான். நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது மாணவர்களிடம் ஒரு வினாவைக் கேட்பது வழக்கம்: "பலாச்சுளை தானே இனிப்பு. அதனோடு வெல்லத்தையும் தேனையும் சேர்ப்பது எதற்காக?" மேலும் இனிப்பதற்காக என்று பலர் விடை கூறுவர். அவ்விடை பாதி உண்மையே. மற்றொரு பாதியை அறிய, கனியின் இயல்பை முதலில் நோக்க வேண்டும்.

கனிந்த மாம்பழம் ஒரு வாரம் நிற்பது அரிது. அறுத்த பலா இரண்டொரு நாளில் நிறம் மாறும். பத்து மாதம் காத்திருந்து பெற்ற செல்வம் பத்து நாளில் அழுகிப்போகின்றது. ஒரு தோப்பு முழுவதும் ஒரே சமயத்தில் பழுத்தால் ஊரே உண்டாலும் மிஞ்சும். அந்த மிச்சத்தை எவ்வாறு நிறுத்தி வைப்பது? இவ்வினாவுக்கு மனிதன் கண்ட விடைகள் நான்கு. அவை தேன், வெல்லம், வெயில், பனிக்கட்டி என்பன. கனியைக் கொண்டு செய்யும் இன்சுவைப் பண்டங்களுட் பெரும்பாலானவை இந்நான்கில் ஏதேனும் ஒன்றன் வழியே பிறந்தவை.

நம் முக்கனிகளும் ஒரே இடத்தில் தோன்றியவை அல்ல. மாவின் பிறப்பிடம் இந்தியாவின் வடகிழக்கும் பர்மாவும் சேர்ந்த பகுதி என்பர் பயிர் நூலார். பலா நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளை. வாழையோ தென்கிழக்காசியத் தீவுகளிலும் நியூகினியிலும் தோன்றிக் கடல் கடந்து வந்தது. மூன்று திசைகளிலிருந்து வந்த மூன்றும் தமிழ்நாட்டில் ஓரிலையில் அமர்ந்தன.

அவை ஒன்றாகக் கலந்த காட்சியைச் சங்க நூலாகிய குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் காட்டுகின்றார். மலைப்பாறையில் ஒரு நீண்ட சுனை. அதன் கரையில் மிளகு உதிர்ந்து கிடக்கின்றது. மாவின் தீங்கனிகள் அச்சுனையில் விழுகின்றன. சிதறிய தேன் அதனோடு சேர்கின்றது. பலாவின் பழம் நெகிழ்ந்து சொரிகின்றது. அனைத்தும் ஊறித் தேறலாக விளைகின்றன. அதனைத் தண்ணீர் என்று நினைத்துப் பருகிய மயில் தள்ளாடுகின்றது. விழாக் களத்திலே கயிற்றின்மீது ஆடும் மகளைப் போல அது தளர்ந்தது என்பார் கபிலர்.

இக்காட்சியின் அழகை உங்கள் தமிழாசிரியர் விளக்குவார். இதிலுள்ள அறிவியலை நான் சொல்கின்றேன். மாவும் பலாவும் தேனும் சேர்ந்தால் நல்ல இன்சுவை. ஆனால் அங்கே தண்ணீரும் சேர்ந்துவிட்டது. தண்ணீர் சேர்ந்ததும் காற்றிலும் பழத்தோலிலும் உள்ள நுண்ணுயிர்கள் இனிப்பை உண்டு பெருகி, அதனைக் கள்ளாக மாற்றிவிட்டன. தண்ணீர் சேராதிருந்தால் மயில் தள்ளாடியிராது! கெடாத தேனும் கெட்டுவிடும் கனிச்சாறும் எங்கே வேறுபடுகின்றன என்பதை இந்த ஒரு காட்சியே நமக்கு அறிவிக்கின்றது.

தேனிலே இனிப்பு மிகுதி, நீர் குறைவு. தன்னில் விழுந்த எதனிடமிருந்தும் அது ஈரத்தை இழுத்துக் கொள்ளும். ஆகவே நுண்ணுயிர்கள் அங்கே நீரின்றி வாடிவிடுகின்றன. இந்த விதியை ஏட்டில் எழுதி வைக்காமலே மலைநாட்டு மக்கள் அறிந்திருந்தனர். பறம்புமலையில் உழவர் உழாமலே விளையும் பொருள் நான்கு என்று புறநானூற்றில் கபிலர் எண்ணிச் சொல்கின்றார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. பலாவையும் தேனையும் ஒருங்கே தந்த மலையில், இரண்டையும் கூட்டி உண்ணக் கற்பிக்கத் தனியே ஆசான் வேண்டுமோ?

தேனுக்குப் பின் வந்தது வெல்லம். கரும்பும் நியூகினித் தீவிலே முதலில் பயிரானது; பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. அதியமானின் முன்னோரே கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்னும் செய்தியை ஒளவையார் புறநானூற்றில் குறிக்கின்றார். கரும்பு புதிதாக வந்த பயிர் என்ற நினைவு அந்நாளிலும் மறையவில்லை என்பதற்கு இது சான்று. பெரும்பாணாற்றுப்படையில் கருப்பஞ்சாற்றைக் காய்ச்சும் ஆலைகளைப் புகை சூழ்ந்திருக்கக் காண்கின்றோம். பட்டினப்பாலையிலோ அவ்வாலைத் தீயின் வெம்மையால் அருகிலுள்ள நெய்தற் பூக்கள் வாடுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வெல்லம் காய்ச்சுவது ஊரறிந்த தொழிலாக இருந்தது.

தேனைத் தேடி மலையேற வேண்டும். வெல்லத்தை வயலில் விளைக்கலாம். இந்த ஒரு மாற்றத்தால், மலைக்குறவர் மட்டும் செய்யக்கூடியதாக இருந்த பண்டம் மருதநிலத்து மனைகளுக்கும் வந்தது. வெல்லப்பாகும் தேனைப் போலவே ஈரத்தைப் பற்றி நிறுத்தும். அடுப்பிலே காய்ந்து கெட்டிப்பட்டால் இன்னும் வலிமை பெறும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சக்கவரட்டி. மலையாள நாட்டிலும் அதனை அடுத்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் பலாப்பழக் காலத்தில் இதனைச் செய்வர். பழுத்த வரிக்கைச் சுளைகளைக் கொட்டை நீக்கி வேகவைத்து மசிப்பர். அம்மசியலை வெல்லப்பாகோடு உருளியில் இட்டு, நெய் வார்த்து, கை ஓயாமல் கிளறுவர். ஈரம் வற்ற வற்ற நிறம் கருஞ்சிவப்பாக மாறும். பின்பு துடுப்பில் ஒட்டாமல் திரண்டு வரும். அதுவே பதம். அவ்வாறு திரண்ட சக்கவரட்டி பல மாதம் கெடாது. ஆவணியில் ஓணம் வரும்போது மரத்தில் பலா இருக்காது. எனினும் இதனைக் கரைத்து, தேங்காயின் மூன்றாம் பாலும் இரண்டாம் பாலும் விட்டுக் கொதிக்க வைத்து, இறுதியில் தலைப்பாலைச் சேர்த்து, கொதிக்க விடாமல் இறக்கி, சுக்கும் ஏலமும் தூவினால் சக்கப்பிரதமன் என்னும் பாயசம் கிட்டும். வைகாசியின் பழத்தை ஆவணியில் உண்ணலாம். வெல்லம் காலத்தை வென்ற விதம் இது.

மக்கள் மனைகளை விட்டுக் கோயிலுக்குள் சற்றே செல்வோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் செய்த ஒரு சிறிய அறம் காணப்படுகின்றது. பிள்ளையார் கணபதியார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுதுபடைக்க அவன் 360 காசு முதலாக வைத்தான். அப்பணம் நகர வணிகத் தெருக்களைச் சேர்ந்தவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. காசு ஒன்றுக்கு 1200 பழம் விலை. இனி நீங்களே கணக்கிடுங்கள். 360 காசுக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி என்றால் ஆண்டுக்கு 45 காசு. அதற்குக் கிடைப்பன 54,000 பழம். ஆண்டுக்கு 360 நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு 150 பழம். ஒரு பழமும் கூடவில்லை. ஒரு பழமும் குறையவில்லை. முதல் அழியாமல் வட்டியிலே பழம் வாங்கினான் அப்பேரரசன். அழியும் பொருளை அழியாத ஏற்பாட்டினால் நாள்தோறும் கிடைக்கச் செய்த அறிவுடைமையை நாம் இங்கே காண்கின்றோம்.

மூன்றாவது வழி வெயில். கனியைக் கெடுக்கும் வெயிலையே கனியைக் காக்கும் கருவியாக மாற்றினர். ஆந்திர நாட்டில் மாம்பழக் கூழைப் பாயில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துவர். ஒரு பரப்பு உலர்ந்தபின் அதன்மேல் மற்றொரு பரப்பு. இவ்வாறு அடுக்கடுக்காக ஏறிக் கெட்டியான தகடாகும். மாமிடி தாண்ட்ரா என்பது அதன் பெயர்.

யாழ்ப்பாணத் தமிழர் இதே முறையைப் பனையில் கையாண்டனர். கோடையில் நுங்காக வெட்டாமல் விட்ட பனங்காய்கள் பின்னர்ப் பழுத்துத் தாமே விழும். அவற்றின் கருந்தோலை உரித்து, நாரோடு கூடிய சதையை நீர் விட்டுப் பிசைந்து, வடித்துச் சாறெடுப்பர். அதனைப் பனையோலைப் பாயில் வார்த்து வெயிலில் காயவிடுவர். நாள்தோறும் மேலும் மேலும் வார்ப்பர். உலர்ந்து திரண்டதே பனாட்டு. அதனைத் துண்டுகளாக்கிப் பாணியில் ஊறவைத்தால் பாணிப் பனாட்டு ஆகும். பழமும் பனை, பாயும் பனை, பாணியும் பனங்கருப்பஞ்சாறு! ஆற்று நீர் இல்லாத வறண்ட நாட்டிலே ஒரே மரத்தைக் கொண்டு உணவை ஆண்டு முழுவதும் சேமித்த உழைப்பாளரை நாம் வணங்க வேண்டும்.

நான்காவது வழி பனிக்கட்டி. இது நமக்கு மிகப் பிந்தி, மிகத் தொலைவிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளிர்காலத்தில் ஏரிகளும் குளங்களும் உறைந்துவிடும். அவ்வாறு உறைந்த நீரை வாளால் அறுத்துக் கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்க முனைந்தார் பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர். ஊரார் நகைத்தனர். 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் டஸ்கனி என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் மிதந்து, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது. அதனைக் காத்தது எந்த மந்திரமும் அன்று, வெறும் மரப்பட்டைத் தூளே. அத்தூளுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை உள்ளே விடவில்லை.

சென்னையில் 1842-ஆம் ஆண்டு கடற்கரையோரம் பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் வழங்கிய அம்மாளிகையே இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்க அறிஞர் தோரோ, தாம் வாழ்ந்த வால்டன் குளத்தில் பனிக்கட்டி அறுக்கப்பட்டதைக் கண்டு, சென்னை, பம்பாய், கல்கத்தா நகரத்தார் தம் கிணற்று நீரைப் பருகுவர் என்று 1854-இல் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். பின்பு இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் தொழில் நம் நாட்டிலேயே தோன்றியதும் அக்கடல் வாணிகம் மறைந்தது. மாளிகை கைமாறியது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே சில நாள் தங்கினார்.

பனிக்கட்டி வந்ததும் கனிக்கு வெல்லமும் தேவையில்லை, அடுப்பும் தேவையில்லை என்னும் நிலை ஏற்பட்டது. பழக்கலவையும் மாம்பழ ஐஸ்கிரீமும் பிறந்தன. பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால், அக்கலவை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 21 பாகை வரை குளிரும். அதனுள் வைத்த பாத்திரத்திலே பாலும் பழமும் கிளறக் கிளற உறைந்து திரளும். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். பனிக்கட்டி கனியைக் காப்பது குளிர் இருக்கும்வரைதான். தேனும் வெல்லமும் வெயிலும் கனியின் இயல்பையே மாற்றி நிலைநிறுத்துகின்றன. பனிக்கட்டியோ காலத்தைச் சற்றே நிற்கச் சொல்கின்றது. குளிர் நீங்கினால் காலம் மீண்டும் நடக்கத் தொடங்கிவிடும்.

இந்நான்கு வழிகளையும் கூறியபின், இவை அனைத்துக்கும் அடிப்படையான ஐந்தாவது ஒன்றைக் கூறாவிட்டால் இவ்வுரை நிறைவுறாது. அதனை விளக்கப் பழனிக்கு வருவோம்.

பழனிப் பஞ்சாமிர்தத்தை அறியாத தமிழர் இலர். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலம் ஆகியவற்றோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்த்துப் பிசைவர். அடுப்பில் ஏற்றுவதில்லை, ஒரு துளித் தண்ணீரும் விடுவதில்லை. எனினும் அது பல நாள் கெடாமல் நிற்கின்றது. காரணத்தை இப்போது நீங்களே கூறிவிடுவீர்கள். தேனும் சர்க்கரையும் ஈரத்தைப் பற்றிக்கொள்கின்றன. கபிலரின் சுனையில் தண்ணீர் சேர்ந்ததால் தேறலாயிற்று; இங்கே தண்ணீர் சேராததால் அமுதமாயிற்று. இப்பண்டம் 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

தண்ணீரை விலக்குவது செய்பவரின் கையில் இருக்கின்றது. பழத்திலுள்ள ஈரமோ மரத்தின் கையில் இருக்கின்றது. அதனால்தான் எந்த வாழையும் இதற்கு ஏற்பதில்லை. பழனி மலைச் சாரலில் விளையும் விருப்பாச்சி என்னும் மலைவாழையே இதற்கு உரியது என்று முன்னோர் தேர்ந்தனர். அதன் சதையில் ஈரம் குறைவு, மணம் மிகுதி. சாறு மிகுந்த பழத்தைப் பிசைந்தால் பஞ்சாமிர்தம் விரைவில் நீர்த்துப் புளித்துவிடும்.

அந்த வாழைக்கு ஓர் ஆபத்து வந்தது. முடிக்கொத்து நோய் என்பது வாழையின் குருத்தைப் பற்றி, இலைகளைக் குறுக்கி, ஒரே கொத்தாக நெருக்கி, குலை தள்ளாமலே மரத்தை மாய்ப்பது. இது முதன்முதல் 1889-ஆம் ஆண்டு பிஜித் தீவில் அறியப்பட்டது. இலங்கை வழியே 1940-ஆம் ஆண்டு வாக்கில் கேரளத்தை அடைந்தது. பின்னர்ப் பழனி மலைத் தோட்டங்களிலும் புகுந்தது. ஒரு காலத்தில் மலைச்சரிவெங்கும் பரவியிருந்த விருப்பாச்சி வாழை, ஆங்காங்கே சில தோட்டங்களில் மட்டும் எஞ்சும் நிலைக்கு வந்தது.

இந்நோய் ஏன் இவ்வளவு எளிதில் பரவியது? நாம் உண்ணும் வாழைக்கு விதை இல்லை. தாய்வாழையின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்தே வேறிடத்தில் நடுகின்றோம். தாய்க்கு நோய் இருந்தால் கன்றுக்கும் நோய் உண்டு. அன்போடு அண்டை ஊராருக்குக் கொடுத்த கன்றே நோயையும் சுமந்து சென்றது. அசுவினிப் பூச்சியும் அதனைத் தோட்டந்தோறும் பரப்பியது. நோய்க் கிருமி இல்லாத நுனித் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துக் கன்றாக்கும் முறையால் அறிஞர்கள் இவ்வாழையை மீட்க முயன்றனர். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் மலைத்தோட்ட உழவரும் கைகோத்ததனால் விருப்பாச்சி முற்றும் அழியாமல் பிழைத்தது.

மாவின் கதையும் இதற்கு இனமானதே. மாங்கொட்டையை நட்டால் தாய்மரத்தின் சுவை அப்படியே வருவதில்லை. கோவாவில் போர்ச்சுகீசியர் ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியபின், நல்ல மரத்தின் கிளையை மற்றொரு கன்றில் இணைத்து அதே சுவையைப் பெருக்கினர். கோவாவை 1510-இல் கைப்பற்றிய அல்புகெர்க்கின் அல்போன்சோ என்னும் பெயர் இன்றும் ஒரு மாம்பழத்தில் வழங்குகின்றது. ஒட்டுக்கட்டும் முறை நல்ல இனத்தை நிலைநிறுத்தியது உண்மை. ஆனால் அதே நேரத்தில் ஊர்தோறும் வேலியோரம் தானே முளைத்துத் தனித்தனிச் சுவையோடு நின்ற நாட்டு மாமரங்களை மக்கள் மறக்கவும் தொடங்கினர். அவை வெட்டப்பட்டால் அவற்றின் சுவையை மீண்டும் படைக்க எந்தச் சமையல்வல்லாராலும் இயலாது.

ஆதலின் மாணவ அன்பர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. பண்டம் செய்யும் முறையை ஓலையிலும் காகிதத்திலும் எழுதி வைக்கலாம். பாட்டியின் கைப்பக்குவத்தைப் பேத்தி அருகிலிருந்து கற்கலாம். தேனும் வெல்லமும் வெயிலும் பனிக்கட்டியும் கனியைச் சில நாளோ சில மாதமோ காக்கும். கனியின் இனத்தைக் காப்பதோ மரத்தைக் காப்பவன் ஒருவனால் மட்டுமே இயலும். இராசராசன் முதலைத் தொடாமல் வட்டியிலே பழம் வாங்கினான். மரமே நமக்கு முதல். கனி அதன் வட்டி. வட்டியை மகிழ்ந்து உண்போம், முதலை வெட்டாதிருப்போம்.

உங்கள் ஊரில் பெயர் தெரியாத ஒரு மாமரமோ, நல்ல சுளை தரும் ஒரு பலாவோ நிற்கக்கூடும். அதன் பெயரை ஊர்ப் பெரியோரிடம் கேளுங்கள். எம்மாதத்தில் பூக்கின்றது, எம்மாதத்தில் கனிகின்றது, அதன் சுவை எத்தகையது, அதனைக் கொண்டு உங்கள் வீட்டுத் தாய்மார் என்ன பண்டம் செய்வர் என்பவற்றைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இயலுமாயின் அம்மரத்திலிருந்து ஒரு கன்று ஒட்டுக்கட்டி நடுங்கள். வரலாற்றைப் படிப்பதோடு நில்லாமல், அதனை வளர்க்கும் பணியிலும் உங்களுக்குப் பங்கு கிடைக்கும்.